பழுதுநீக்கமும் சான்றும்: கொங்கு வட்டார வால்வுக் காலக் கருவிகளில் வழக்கொழிந்த மின்னணு உறுப்புகளை அடையாளம் காணலும் மாற்றீடும்

ஆய்வுச் சுருக்கம்

கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட கொங்கு வட்டாரத்தின் தொழில் வரலாறு பஞ்சாலை, மின்மோட்டார், இறைவைப் பம்பு, வார்ப்படச் சாலை ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அதே நகரம் வானொலிப் பெட்டிகளையும் உருவாக்கியது. திரைப்பட ஒலிக் கருவிகளையும் ஆலை ஆய்வுக்கூடக் கருவிகளையும் நீண்ட காலம் இயக்கியது. இக்கருவிகளில் இருந்த வால்வு, மின்தேக்கி, மின்தடை, ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போன்ற உறுப்புகளுள் பல இன்று உற்பத்தியில் இல்லை. அவற்றை இனங்காணும் முறைகளையும் மாற்றீட்டு மரபுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒவ்வோர் உறுப்பும் காலத்தையும் வணிகத் தொடர்பையும் காட்டும் ஆவணம் என்பதும், பதிவின்றிச் செய்யப்படும் மாற்றீடு அந்த ஆவணத்தை அழிக்கிறது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, கோயம்புத்தூர், ஜி.டி. நாயுடு, வானொலி, வால்வு, மின்தேக்கி, மாற்றீடு, தொழில் வரலாறு, பாதுகாப்பு.

1. முன்னுரை

ஒரு மின்மோட்டாரின் வரலாற்றை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அதன் பெயர்த்தகடு பெருமளவு துணைசெய்யும். செய்தவர் பெயர், வரிசை எண், குதிரைத்திறன், மின்னழுத்தம் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வார்ப்பு, அச்சு, சுருள் அனைத்தும் ஒரே தொழிற்சாலையில் உருவாவதும் உண்டு. வானொலிப் பெட்டி அத்தகையது அன்று. அதன் முகப்பில் காணப்படும் பெயர், உறுப்புகளைக் கோத்து முழுமையாக்கிய நிறுவனத்தின் பெயர் மட்டுமே. உள்ளிருக்கும் வால்வு ஒரு நாட்டிலிருந்தும், மின்தேக்கி மற்றொரு நாட்டிலிருந்தும், மின்மாற்றி உள்ளூர்ப் பட்டறையிலிருந்தும் வந்திருக்கலாம். ஆகவே ஒரு பெட்டியை 'கோவைத் தயாரிப்பு' என்று கூறும்போது அதன் பொருள் என்ன என்ற வினாவிற்குப் பெட்டியைத் திறந்து பார்த்தே விடை காண இயலும்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. பழைய பெட்டிகள் பழுதடைந்த நிலையிலேயே கிடைக்கின்றன. அவற்றை மீண்டும் ஒலிக்கச் செய்ய விரும்புவோர் பழைய உறுப்புகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்துகின்றனர். அகற்றப்பட்டவை குப்பைக்கோ பழைய இரும்புக் கடைக்கோ செல்கின்றன. கருவி உயிர்பெறும் அதே வேளையில் அதன் வரலாற்றுச் சான்று குறைகிறது. கோயில் திருப்பணியின்போது மணல்வீச்சு முறையில் சுவர்களைத் தூய்மை செய்ததால் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்ததை அறிந்த தமிழாய்வுலகிற்கு இச்சிக்கலின் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2. கோவையில் மின்னணுக் கருவிகள்: வரலாற்றுப் பின்புலம்

கோவைக்கு மின்னணுவியல் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது திரைப்படம். 1905 முதல் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கைத் தொடங்கினார். மௌனப் படக் காலத்தில் திரையரங்கிற்கு விளக்கும் எந்திரமும் போதுமானவையாக இருந்தன. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் பேசும்பட யுகம் பிறந்தபின், படச்சுருளின் ஓரத்தில் பதிவான ஒலித்தடத்தைப் படிக்க ஒளிமின்கலமும், அதன் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்க வால்வுப் பெருக்கியும் தேவைப்பட்டன. 1930களின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும், அடுத்த பத்தாண்டில் பட்சிராஜா ஸ்டுடியோவும் தோன்றியதால் ஒலிப்பதிவுக் கருவிகளும் அவற்றைப் பேணும் தொழில்நுட்பரும் இந்நகரின் பகுதியாயினர்.

இரண்டாவது வானொலி. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவைப் பகுதிக்குப் போதிய மின்சாரம் கிடைத்தது. இதன் விளைவாகப் பஞ்சாலைகள் பெருகியதைப் பலரும் எழுதியுள்ளனர். வீட்டு மின்னிணைப்பில் இயங்கும் வானொலிக்கும் இதுவே அடிப்படை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் ஒலிபரப்பைத் தொடங்கின. திருச்சி நிலையம் தொடங்கியபின் கொங்கு வட்டாரத்தில் வானொலிப் பெட்டி வாங்குவதற்கு வலுவான காரணம் ஏற்பட்டது.

இந்தச் சூழலில்தான் ஜி.டி. நாயுடு (1893–1974) வானொலித் துறைக்குள் வந்தார். பேருந்துத் தொழிலில் யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனத்தை வளர்த்த அவர், 1937இல் உள்நாட்டு மின்மோட்டார் உருவாக்கத்தில் து. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து செயல்பட்டார். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்துதர இயலும் என்று அறிவித்தார். யூ.எம்.எஸ். என்னும் பெயர் தாங்கிய வானொலிப் பெட்டிகளும் கோவையிலிருந்து வெளிவந்தன.

மூன்றாவது பஞ்சாலை. நூலின் சீர்மையை அளக்கும் மின்னணுக் கருவியைச் சுவிட்சர்லாந்தின் செல்வேகர் ஊஸ்டர் நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்தியது. இரு உலோகத் தகடுகளுக்கிடையே நூல் செல்லும்போது ஏற்படும் மின்தேக்கத் திறன் மாற்றத்தை வால்வுச் சுற்றினால் அளப்பது அதன் அடிப்படை. 1950களின் நடுவில் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் உருவான காலத்தில் இவ்வகை அளவீடு ஆலைத் தொழிலின் இன்றியமையாப் பகுதியாகிக் கொண்டிருந்தது.

இம்மூன்று துறைகளும் ஒரே வகை உறுப்புகளைப் பயன்படுத்தின. திரையரங்குப் பெருக்கியில் இருந்த வால்வு வானொலியிலும் பொருந்தும். ஆகவே ஒரு துறையில் கற்ற பழுதுபார்க்கும் கைத்திறன் மற்றொன்றுக்கும் பயன்படக்கூடியதாக இருந்தது.

3. 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்பதன் எல்லை

1941ஆம் ஆண்டு அறிவிப்பை மதிப்பிட, ஐந்து வால்வுப் பெட்டியின் அமைப்பை அறிதல் வேண்டும். முதல் வால்வு, வந்த அலையை ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றும். இரண்டாவது அதனைப் பெருக்கும். மூன்றாவது ஒலிக்குறியைப் பிரித்து முதற்கட்டமாகப் பெருக்கும். நான்காவது ஒலிபெருக்கியை இயக்கும் ஆற்றலைத் தரும். ஐந்தாவது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகத் திருத்தும். முல்லார்டு நிறுவனத்தின் அக்கால வரிசையில் இவை முறையே இ.சி.எச்.35, இ.எஃப்.39, இ.பி.சி.33, இ.எல்.33, இ.இசட்.35 எனப்படும்.

மரப்பெட்டி, எஃகுத் தகட்டாலான அடிச்சட்டம், மின்மாற்றி, அலைத்தேர்வுச் சுருள், அலைகாட்டி முகப்பு ஆகியவற்றைச் செய்யத் தேவையான தச்சு, தகட்டு வேலை, சுருள் கட்டும் திறன் ஆகியவை 1940களின் கோவையில் இருந்தன. மோட்டாருக்குச் செப்புக்கம்பிச் சுருள் கட்டும் திறனுக்கும் வானொலி மின்மாற்றிக்குச் சுருள் கட்டும் திறனுக்கும் அடிப்படை ஒன்றே. வால்வின் நிலை வேறு. உயர் வெற்றிடம், கண்ணாடியும் உலோகமும் ஒட்டும் முத்திரை, மின்னணுக்களை உமிழும் ஆக்சைடு பூச்சு, எஞ்சிய வளியை உறிஞ்சும் பேரியப் படலம் ஆகியவற்றை ஒருங்கே கையாளும் தொழிற்சாலை அதற்குத் தேவை. பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் (பெல்) 1961இல் வானொலி வால்வுகளையும் 1962இல் ஜெர்மானியம் குறைகடத்திகளையும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதற்கு முற்பட்ட பெட்டிகள் எந்த ஊரில் கோக்கப்பட்டிருந்தாலும் அவற்றின் வால்வுகள் பெரும்பாலும் கடல்கடந்து வந்தவையே.

அறிவிப்பு வெளியான ஆண்டு இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதி. ஐரோப்பிய வரத்து சுருங்கியிருந்த அக்காலத்தில், எழுபது ரூபாய்ப் பெட்டியின் எந்தப் பகுதி கோவையில் உருவாகும், எந்தப் பகுதி இறக்குமதியாகும் என்ற பிரிவே அவ்விலையின் பொருளை உணர்த்தும். நாயுடுவின் முயற்சியைப் புகழ்வோரும் ஐயுறுவோரும் செய்தியையே மேற்கோளாக்குகின்றனரே அன்றி உறுப்புகளை நோக்குவதில்லை. கோவைப் பெட்டி ஒன்றின் மின்மாற்றிச் சுற்று, சுருளின் தாங்கி, மின்தேக்கியின் முத்திரை, வால்வின் எண் ஆகியவற்றைத் தனித்தனியே பட்டியலிட்டால், உள்நாட்டுப் பங்கும் இறக்குமதிப் பங்கும் தெளிவாகப் பிரியும். இப்பட்டியலை உருவாக்க உறுப்புகளைச் சரியாக அடையாளம் காணும் பயிற்சி வேண்டும்.

4. உறுப்புகளை அடையாளம் காணல்

4.1 வால்வு

ஐரோப்பிய வால்வுப் பெயர் ஒரு சிறு இலக்கணத்தைக் கொண்டது. முதலெழுத்து வெப்ப இழையின் மின் தேவையைக் குறிக்கும்: 'இ' எனில் 6.3 வோல்ட், 'யு' எனில் 100 மில்லிஆம்பியர் தொடரிணைப்பு, 'டி' எனில் மின்கலத்தில் இயங்கும் 1.4 வோல்ட் அளவிலான இழை. அடுத்த எழுத்துகள் பணியைக் குறிக்கும்: 'சி' மும்முனை வால்வு, 'எஃப்' ஐம்முனை வால்வு, 'எல்' வெளியீட்டு வால்வு, 'இசட்' முழு அலைத் திருத்தி. இறுதி எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தின் வகையைக் காட்டும்: 3 எனில் எட்டுமுனை ஆக்டல், 4 எனில் ரிம்லாக், 8 எனில் ஒன்பது முனை நோவல். ஆகவே இ.எல்.33, இ.எல்.41, இ.எல்.84 ஆகிய மூன்றும் ஒரே பணியைச் செய்யும் மூன்று தலைமுறையினர். இ.எல்.33 உள்ள பெட்டியையும் இ.எல்.84 உள்ள பெட்டியையும் ஒரே காலத்தவையாகக் கொள்ள இயலாது.

அமெரிக்க முறையில் முதலில் வருவது இழை மின்னழுத்தத்தின் தோராய எண். இதனால் ஒரே வால்வுக்கு இரு பெயர்கள் அமையும்: இ.எல்.84க்கு 6பி.கியூ.5, இ.சி.எச்.81க்கு 6ஏ.ஜே.8, இ.இசட்.81க்கு 6சி.ஏ.4. பிரித்தானியப் படைத்துறைப் பெயர்கள் மூன்றாவது வகை. இ.எஃப்.50 என்னும் வால்வு வான்படையில் வி.ஆர்.91 என்றும், முப்படைப் பொதுப்பட்டியலில் சி.வி.1091 என்றும் வழங்கியது. குடிமக்கள் பயன்படுத்திய பெட்டி ஒன்றில் படைத்துறை எண் தாங்கிய வால்வு காணப்பட்டால், அது போருக்குப்பின் உபரிச் சரக்காக விற்கப்பட்டதன் வழி வந்திருக்க வாய்ப்புண்டு.

கண்ணாடியின் அடியில் பொறிக்கப்படும் குறியீடு மேலும் நுட்பமானது. 1950களின் பிற்பகுதி முதல் முல்லார்டு வால்வுகளில் 'பி3கே4' போன்ற வரி காணப்படும். 'பி' என்பது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை. '3' ஆண்டின் கடைசி இலக்கம். 'கே' பதினொன்றாம் மாதம். '4' மாதத்தின் வாரம். ஆண்டின் ஒரே இலக்கம் தரப்படுவதால் 1963ஆ 1973ஆ என்பதைப் பிற சான்றுகளால் முடிவு செய்ய வேண்டும். கல்வெட்டில் ஆட்சியாண்டு மட்டும் தரப்பட்டு மன்னன் யார் என்பது ஐயமாகும்போது கையாளப்படும் அதே நெறி இங்கும் பொருந்தும்.

4.2 மின்தடை

இன்று வழக்கிலுள்ள வண்ண வளையங்களுக்கு முன்னர் உடல்–முனை–புள்ளி என்னும் முறை இருந்தது. உடலின் நிறம் முதல் இலக்கத்தையும், முனையின் நிறம் இரண்டாம் இலக்கத்தையும், நடுப்புள்ளி சுழிகளின் எண்ணிக்கையையும் குறிக்கும். பச்சை உடல், கறுப்பு முனை, மஞ்சள் புள்ளி எனில் 5, 0, நான்கு சுழிகள். அதாவது 5,00,000 ஓம். இதனை அறியாதோர் அதனை வெறும் வண்ணப்பூச்சு என்று எண்ணி விடுவர்.

மதிப்புகளும் காலத்தைச் சுட்டும். பழைய பெட்டிகளில் 50, 250, 500 கிலோ ஓம் என முழு எண்கள் வழங்கின. பின்னர் 47, 220, 470 என்ற தெரிவு மதிப்பு வரிசை பரவி, 1952இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமாகியது. ஒரே அடிச்சட்டத்தில் 500 கிலோ ஓம் தடைகளுக்கிடையே 470 கிலோ ஓம் தடை ஒன்று மட்டும் இருப்பின், அது பிற்கால மாற்றீடு என்று ஐயுறலாம். பற்றவைப்பின் தன்மையையும் கம்பி உறையின் வகையையும் ஒப்பிட்டு அவ்வையத்தை உறுதி செய்யலாம். கார்பன் கலவைத் தடைகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு உயரும் இயல்புடையவை. எனவே அளவுமானி காட்டும் எண்ணை மூல மதிப்பாகக் கொள்ளலாகாது. நிறக்குறியீடும் மின்சுற்றின் தருக்கமுமே மூல மதிப்பை உணர்த்தும்.

4.3 மின்தேக்கி

பழுதுபார்ப்போர் 'கண்டென்சர்' என்று அழைக்கும் மின்தேக்கிகளே பழைய பெட்டிகளில் முதலில் சிதைபவை. மெழுகில் தோய்ந்த காகிதத்தாலானவை ஈரத்தை ஈர்த்து மின்கசிவுக்கு உள்ளாகின்றன. இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். மூன்றாம் வால்வின் நேர்முனையில் 100 வோல்ட் உள்ளதாகக் கொள்வோம். அங்கிருந்து வெளியீட்டு வால்வின் வலைக்கு ஒலிக்குறியைக் கடத்தும் மின்தேக்கியின் கசிவுத்தடை 10 மெகா ஓம் அளவிற்குத் தாழ்ந்து, வலையின் நிலத்தடை 0.5 மெகா ஓம் எனில், வலைமீது ஏறக்குறைய 4.8 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏறும். இ.எல்.33 போன்ற வால்வு இயங்க ஏறத்தாழ 6 வோல்ட் எதிர்மின்னழுத்தம் வேண்டும். அதன் பெரும்பகுதி நீங்கியதும் வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் கடத்திச் சிவந்து அழியும். மின்மாற்றியும் உடன் எரியலாம். சில ரூபாய் மதிப்புள்ள உறுப்பு, கிடைத்தற்கரிய வால்வையும் மின்மாற்றியையும் பலிகொள்ளும். எனவே நெடுங்காலம் இயங்காத பெட்டிக்கு நேரடியாக மின்சாரம் அளிப்பது கூடாது.

நீர்மக் கரைசல் கொண்ட மின்தேக்கிகள் உலர்ந்து திறன் குன்றும். 8 அல்லது 16 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 'பெரியது நல்லது' என்று பன்மடங்கு மதிப்புடையதைப் பொருத்துவது பொதுவான பிழை. திருத்தி வால்வின் உச்ச மின்னோட்ட எல்லை மீறப்பட்டு அது விரைவில் கெடும்.

4.4 டிரான்சிஸ்டர்

டிரான்சிஸ்டர் புதிய யுகத்தின் உறுப்பு எனினும் அதன் பெயர் பழைய இலக்கணத்தைத் தொடர்ந்தது. ஓ.சி.71 என்பதில் 'ஓ' வெப்ப இழை இன்மையையும் 'சி' மும்முனையையும் குறிக்கும். பின்னர் வந்த புதிய ஐரோப்பிய முறையில் முதலெழுத்து மூலப்பொருளைச் சுட்டியது: 'ஏ' ஜெர்மானியம், 'பி' சிலிக்கான். ஏ.சி.128 ஒலி அதிர்வெண்ணுக்கும் ஏ.எஃப்.117 வானலை அதிர்வெண்ணுக்கும் உரியவை.

ஏ.எஃப்.114 முதல் 117 வரையிலான வகைகளுக்கு ஒரு தனிக் கேடு உண்டு. உலோக உறையின் உட்புறத்திலிருந்து மயிரிழை போன்ற வெள்ளீய இழைகள் வளர்ந்து உள்முனைகளைத் தொட்டு விடும். பயன்படுத்தாமல் வைத்திருந்த புதிய சரக்கும் இதற்கு விலக்கன்று. உறையோடு இணைந்த நான்காம் கம்பியை வெட்டிவிடுவதால் பல நேரங்களில் உறுப்பு மீண்டும் இயங்கும். பழுது எனத் தூக்கியெறியப்பட்ட பல, இவ்வழியில் காப்பாற்றத்தக்கவை.

5. மாற்றீட்டின் மரபுகள்

ஒத்த உறுப்பு கிடைக்காத நிலையில் மூன்று வழிகள் உண்டு: வேறு பெயரில் வழங்கும் அதே உறுப்பைத் தேடுதல், அடிப்பாகத்தை மாற்றி நெருங்கிய உறுப்பைப் பொருத்துதல், சுற்றையே திருத்துதல். ஒவ்வொன்றும் கருவியில் தனித் தடயத்தை விடும்.

தொடரிணைப்புப் பெட்டிகள் இதற்கு நல்ல சான்று. யு.சி.எச்.42, யு.எஃப்.41, யு.பி.சி.41, யு.எல்.41, யு.ஒய்.41 என்னும் ஐந்து வால்வுகளின் இழைகள் முறையே 14, 12.6, 14, 45, 31 வோல்ட் கொள்ளும், கூட்டுத்தொகை 116.6. மின்னிணைப்பு 230 வோல்ட் எனில், எஞ்சிய 113.4 வோல்ட்டை 100 மில்லிஆம்பியரில் குறைக்க 1,134 ஓம் தடை வேண்டும். ஒரு வால்வின் இழை அறுந்தால் ஐந்தும் அணையும். வேறு மின்னழுத்த வால்வைப் பொருத்தினால் இத்தடையின் மதிப்பும் மாற்றப்பட வேண்டும். எனவே தடையில் காணும் மாற்றம், வால்வு மாற்றப்பட்ட வரலாற்றைச் சொல்லும். இவ்வகைப் பெட்டிகளில் மின்னிணைப்பின் ஒரு முனை அடிச்சட்டத்தோடு நேரடியாகத் தொடர்புறுவதால், ஆய்வாளர் தனிமைப்படுத்தும் மின்மாற்றி இன்றி அவற்றைத் தொடுதல் உயிருக்கு ஆபத்து.

செலீனியத் தகட்டுத் திருத்திக்கு மாற்றாகச் சிலிக்கான் டையோடைப் பொருத்தும்போது மின்னழுத்த இழப்பு குறைந்து வெளியீடு உயரும். ஈடுசெய்யத் தொடர்த்தடை ஒன்று சேர்க்கப்பட வேண்டும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்குப் பதில் சிலிக்கானைப் பொருத்தினால் தொடக்க மின்னழுத்தம் ஏறக்குறைய 0.2இலிருந்து 0.6 வோல்ட்டாக உயர்வதால் சார்புத் தடைகளை மாற்ற நேரும். திரையரங்குகளில் ஒளிமின் வால்வின் இடத்தில் சிலிக்கான் ஒளிக்கலம் வந்தபோது, முன்னதற்குத் தேவையான உயர் மின்னழுத்தம் நீக்கப்பட்டுப் பெருக்கியின் உள்ளீடும் மாற்றியமைக்கப்பட்டது. பிற்காலத்தில் நீலப்பச்சைச் சாய ஒலித்தடங்கள் வந்தபின் ஒலிவிளக்கின் இடத்தைச் செந்நிற ஒளியுமிழி பிடித்தது. ஒரே ஒலிபடிப்பானில் மூன்று தலைமுறைத் தொழில்நுட்பம் அடுக்கடுக்காக எஞ்சுவது இதனால்தான்.

இம்மாற்றீடுகளைச் செய்தோர் பெரும்பாலும் பட்டறையில் கற்றவர்கள். 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கல்விக் கூடம், ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிப் பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம், 1951இன் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை நகரில் முறைசார் கல்வியை வளர்த்தன. கடைவீதிப் பழுதுபார்ப்போரின் அறிவு இவற்றின் ஏடுகளில் பதிவாகும் வகையினது அன்று; அது கருவிகளின் அடிச்சட்டத்தில் பதிந்துள்ளது. மறுசுற்றிய மின்மாற்றி, கையால் செய்த இணைப்பி, அடிச்சட்டத்தில் துளைத்த புதிய துளை ஆகியவை பெயர் தெரியாத அத்தொழில்நுட்பரின் ஆக்கங்கள். அவற்றை 'மூலத்தன்மை கெட்டது' எனக் கருதி நீக்குவது, உற்பத்தியாளரை மட்டுமே வரலாற்றின் மாந்தராக ஏற்று உழைத்தவரை விலக்குவதாகும்.

6. மீட்டெடுப்பும் பதிவும்

இன்றைய சேகரிப்பாளரிடம் இரு நோக்குகள் உள்ளன. கருவி இயங்க வேண்டும் என்பது ஒன்று. இருந்தவாறே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இயங்காத வானொலி வெறும் மரப்பெட்டி என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஒலியின் தன்மை இயக்கத்தில்தான் தெரியும். ஆயினும் இயக்குவதற்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் மீளாத இழப்பாக வேண்டியதில்லை. கட்டடப் பாதுகாப்பு குறித்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இயைய வேண்டும். அதே வேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இந்நெறி மின்னணுக் கருவிக்கும் பொருந்தும்.

பழைய மெழுகுக் குழலின் உள்ளீட்டை அகற்றி அதனுள் புதிய பாலியெஸ்டர் மின்தேக்கியை மறைத்து வைக்கும் வழக்கம் சேகரிப்பாளரிடையே பரவலாக உள்ளது. தோற்றம் காக்கப்படுகிறது. ஆனால் குறிப்பு ஏதும் இன்றிச் செய்யப்படும்போது பின்வரும் ஆய்வாளரை அது தவறாக வழிநடத்தும். குழலினுள் நாள் எழுதிய சிறு தாளை வைத்தால் அக்குறை நீங்கும்.

சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டுவதுபோல, மீட்டெடுப்பவரும் நான்கு செய்திகளைப் பதிதல் வேண்டும். முதலாவது, எதையும் தொடுமுன் அடிச்சட்டத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் எடுத்த ஒளிப்படம். இரண்டாவது, ஒவ்வோர் உறுப்பின் இடம், முத்திரை, நிறக்குறி, அளந்த மதிப்பு. மூன்றாவது, அவ்வுறுப்பு உற்பத்தியின்போது பொருத்தப்பட்டதா, பழுதுநீக்கத்தின்போது வந்ததா என்பது பற்றிய கருத்தும் அதற்கான காரணமும். நான்காவது, அகற்றிய உறுப்பை எண்ணிட்ட உறையில் கருவியோடு சேர்த்து வைத்தல். பழைய எண்ணெய் மின்தேக்கிகளில் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரினேற்றிய சேர்மங்கள் இருக்கக்கூடும். கசிந்தவற்றை மட்டும் பதிவுக்குப்பின் பாதுகாப்பாக அகற்றலாம். குடும்பங்களிடம் எஞ்சியுள்ள அஞ்சலக வானொலி உரிமப் புத்தகம், விற்பனைச் சீட்டு ஆகியவற்றையும் கருவியிலிருந்து பிரிக்காமல் பாதுகாத்தல் நன்று.

கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு தொழிற்காட்சி, கல்லூரி ஆய்வுக்கூடங்கள், மூடப்பட்ட ஆலைகளின் கிடங்குகள், பழைய திரையரங்குகளின் இயக்க அறைகள் ஆகியவை இத்தகைய பதிவுக்குரிய களங்கள். இவற்றுள் காட்சியகம் மட்டுமே பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டது. மற்ற இடங்களில் உள்ள கருவிகள் இடநெருக்கடியால் எடைக்கு விற்கப்படும் நிலையில் உள்ளவை. உக்கடத்துப் பழைய பொருள் கடைகளில் செம்புக்காக உடைக்கப்படும் ஒரு மின்மாற்றியோடு அதன் சுற்று எண்ணிக்கையும் மறையும்.

7. முடிவுரை

கொங்கு வட்டார மின்னணுத் தொழிலின் வரலாற்றை எழுத நாளிதழ்ச் செய்திகளும் வாழ்க்கை வரலாறுகளும் மட்டும் போதா. எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, எப்போது மாற்றப்பட்டது, எதனால் மாற்றப்பட்டது என்பவற்றைக் கருவியின் உட்புறமே கூறும். வால்வின் பெயரிலக்கணம், தேதிக் குறியீடு, மின்தடையின் மதிப்பு வரிசை, மின்தேக்கியின் முத்திரை ஆகியவை அதைப் படிக்கும் எழுத்துகள். 1941இன் எழுபது ரூபாய்ப் பெட்டி குறித்த விவாதமும், 1961க்குப்பின் இறக்குமதி வால்வுகளின் இடத்தை பெல் வால்வுகள் எவ்வளவு விரைவாகப் பிடித்தன என்ற வினாவும் இவ்வழியில் தீர்வு காணத்தக்கவை. அதற்கு ஒரு கருவியின் சான்று போதாது. வட்டாரம் முழுவதும் எஞ்சியுள்ள பெட்டிகளின் உறுப்புப் பட்டியல்கள் ஒரே படிவத்தில் தொகுக்கப்பட வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இணைந்தால் மாணவர் ஆய்வேடுகளின் வழியே இப்பணியைத் தொடங்க இயலும். பெட்டிகளைப் பழுதுநீக்கும் பணி எங்கும் நடந்துகொண்டிருப்பதால், ஒவ்வொரு மாற்றீட்டிற்கும் முன்பே பதிவைச் செய்வது முதற்கடமையாகும்.